சூட்டில் கிளம்பாத காடி

காலையில் சாவியைத் திருப்பினால் உடனே எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பீடோங்கிலிருந்து சுங்கை பட்டாணி வரைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது. பசார் பக்கம் நிறுத்தி, மீன் வாங்கி, ஒரு தே தாரேக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தால்தான் வினை. ஸ்டார்ட்டர் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். பத்துப் பதினைந்து வினாடிக்குப் பிறகு ஒரு சிலிண்டர் முனகும், அப்புறம் இன்னொன்று. காடி முழுக்கக் குலுங்கி, பின்னால் கறுப்பாய்ப் புகை தள்ளி, ஒருவழியாக நாலும் சேர்ந்துகொள்ளும். நிறுத்தி ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிட்டால் இந்தத் தொல்லை கிடையாது. இரண்டு மூன்று மணி நேரம் நிழலில் கிடந்து ஆறிவிட்டாலும் கிடையாது. இருபது நிமிடத்திலிருந்து நாற்பது நிமிடம் வரைதான் அதன் கெட்ட நேரம்.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. பழைய காடியில் எரிபொருள் செலுத்தும் பாகங்கள் தேய்ந்து போனால் எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சரிசெய்வது என்று நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த இரண்டு வருடத்தில்தான். அதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். தமிழில் தேடுகிற யாருக்காவது உதவும்.

காடி 1983-ஆம் வருடத்து மெர்சிடிஸ்-பென்ஸ் 230இ. டபிள்யூ123 என்று சொல்லப்படும் உடல். 1976-இலிருந்து 1985 வரை உலகம் முழுக்கச் சுமார் 27 லட்சம் காடிகள் இந்த உடலில் வந்தன. மலேசியாவில் அப்போது மெர்சிடிஸ் என்றால் சைக்கிள் அண்ட் கேரியேஜ்தான். 1899-இல் கோலாலம்பூரில் ஆரம்பித்த பழைய கம்பெனி. 1951 முதல் மெர்சிடிஸ் விற்றவர்கள். டாக்டர், வக்கீல், தவுக்கே, தோட்டத் துரை என்று ஊருக்கு நாலு பேரிடம் இந்தக் காடி நிற்கும்.

தோட்டத் துரை என்று எழுதும்போது வெள்ளைக்காரனை நினைக்க வேண்டாம். எண்பதுகளில் நம் நாட்டு மேனேஜர்கள்தான். ஆனாலும் லயத்தில் எல்லாரும் துரை என்றுதான் சொல்வார்கள். அப்பா அப்படி ஒரு துரைக்குப் பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் டிரைவராக இருந்தார். வெள்ளை நிற 230இ. விடிகாலையில் பெரட்டுக்கு ஆட்கள் கூடும்போது அந்தக் காடி ஆபீஸ் வாசலில் நிற்கும். நான் பள்ளிக்கூடப் பையன். கதவைச் சாத்தும்போது வரும் சத்தத்தைக் கேட்பதற்காகவே அதன் பக்கத்தில் போய் நிற்பேன். 2016-இல் அலோர் ஸ்டாரில் ஓய்வுபெற்ற ஒரு டாக்டரின் குடும்பம் அதே வகைக் காடியை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அப்பாவை அழைத்துக்கொண்டு போய் அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டேன். நாலு வருடமாக ஓட்டாமல் ஷெட்டில் கிடந்த காடி. அந்த நாலு வருடம்தான் பிற்பாடு பேசியது.

இந்தக் காடியின் எஞ்சின் எம்102. 2,299 சிசி, நாலு சிலிண்டர், 136 குதிரைத் திறன். இதில் கார்பரேட்டர் கிடையாது. இன்றைய காடிகளில் இருக்கிற கம்ப்யூட்டரும் கிடையாது. இரண்டுக்கும் நடுவே பாஷ் கம்பெனி 1973-இல் கொண்டுவந்த கே-ஜெட்ரானிக் என்ற ஏற்பாடு. கே என்பது தொடர்ச்சியானது என்ற பொருள் தரும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. பெயரிலேயே விஷயம் இருக்கிறது. இன்றைய இன்ஜெக்டர் விட்டு விட்டுத் தெளிக்கும். இது எஞ்சின் ஓடுகிறவரை நிறுத்தாமல் தெளித்துக்கொண்டே இருக்கும். அளவைத்தான் கூட்டும், குறைக்கும்.

அந்த அளவை யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் எனக்கு இந்த ஏற்பாட்டின் மீது காதல் வந்தது. எஞ்சின் மூச்சு இழுக்கும் வழியில் ஒரு வட்டத் தட்டு இருக்கிறது. காற்று கூடுதலாகப் போனால் தட்டு கூடுதலாக நகரும். தட்டோடு ஒரு நெம்புகோல். நெம்புகோலின் முனையில் பென்சில் பருமனில் ஓர் எஃகுத் தண்டு. அந்தத் தண்டு ஓர் உறைக்குள் மேலும் கீழுமாக நகர்கிறது. உறையின் சுவரில் சிலிண்டருக்கு ஒன்றாக மயிரிழை போன்ற வெட்டுகள். தண்டு மேலே போகப் போக வெட்டுகள் திறக்கும், பெட்ரோல் கூடும். அவ்வளவுதான். காற்றை எடை போட்டு அதற்கேற்ற பெட்ரோலை ஒரு தராசு மாதிரி அளந்து கொடுக்கிறது. இந்தத் தண்டும் உறையும் இருக்கிற வார்ப்பிரும்புக் கட்டிக்குப் பெயர் ஃபியூவல் டிஸ்ட்ரிபியூட்டர். தீப்பொறி பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

தண்டின் தலைமேல் பெட்ரோலே அழுத்திக்கொண்டிருக்கும். அதைக் கட்டுப்பாட்டு அழுத்தம் என்கிறார்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அந்த அழுத்தம் குறைவு. அதனால் தண்டு சுலபமாக ஏறும், பெட்ரோல் கூடும். சூடாகச் சூடாக வார்ம்-அப் ரெகுலேட்டர் என்ற சின்னப் பெட்டி அழுத்தத்தை 3.6 பார் அளவுக்கு உயர்த்திவிடும். பின்னால் பெட்ரோல் டாங்கிக்குப் பக்கத்தில் மின்சாரப் பம்ப். அது மொத்த ஏற்பாட்டுக்கும் 5 பாருக்குச் சற்று மேலே அழுத்தம் கொடுக்கும். பம்பை ஒட்டி, டின்பால் டப்பா அளவில், அக்குமுலேட்டர் என்று ஓர் இரும்புக் குப்பி. இந்தக் குப்பியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, இந்தக் காடிக்கு எல்லாமே அழுத்தம்தான். மனிதனுக்கு ரத்த அழுத்தம் பார்க்காமல் மருந்து எழுதிக் கொடுக்கும் டாக்டரிடம் நாம் போவோமா? ஆனால் காடிக்கு அப்படித்தான் நடந்தது.

முதலில் கொண்டுபோன பட்டறையில் ஸ்பார்க் பிளக், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, எல்லாம் மாற்றினார்கள். மாறவில்லை. இரண்டாவது பட்டறையில் ஆலன் கீயை எடுத்து, கலவையைச் சரிசெய்யும் திருகைத் திருப்பினார்கள். ஐடில் கொஞ்சம் சீரானது, பெட்ரோல் வாசம் வர ஆரம்பித்தது, சூட்டில் கிளம்பாத வியாதி அப்படியே இருந்தது. அடுத்த முறை போனபோது, வார்ம்-அப் ரெகுலேட்டர் போய்விட்டது, புதுசு போடணும் என்றார்கள். விலையைக் கேட்டு நான் பேசாமல் வந்துவிட்டேன். மூன்றாவது இடத்தில் ஒருவர் உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்: "அண்ணே, இதையெல்லாம் கழட்டிப் போட்டுட்டு கார்பரேட்டர் போட்டுருங்க. இல்லன்னா ஹாஃப்-கட் கடையில ஜப்பான் எஞ்சின் கிடைக்கும், இறக்கிரலாம்."

அவர் சொன்னது வழக்கத்தில் இல்லாத ஒன்றல்ல. இந்த நாட்டில் எத்தனையோ பழைய பென்ஸ்களின் மூடியைத் திறந்தால் உள்ளே ஜப்பான் எஞ்சின்தான் இருக்கும். பட்டறைப் போமன்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. நம் கெடாவிலேயே குருணில் மொடெனாஸ் மோட்டோ தொழிற்சாலை, கூலிமில் இனோகோம் தொழிற்சாலை என்று வாகனம் செய்யும் ஊர்கள் இருக்கின்றன. அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் ஸ்கேனர் பிடிப்பதில் கெட்டிக்காரர்கள். ஆனால் கே-ஜெட்ரானிக்கில் ஸ்கேனரை எங்கே சொருகுவது? அதற்கு வாய் கிடையாது. அது புழக்கத்தில் இருந்த காலத்தில் வேலை பார்த்தவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். தெரியாததை மாற்றிவிடச் சொல்வது இயல்புதான். ஆனால் எனக்கு அப்பா ஓட்டிய எஞ்சின் வேண்டும். அதன் சத்தம் வேண்டும்.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. கண் புரை எடுத்த பிறகு ஓட்டுவதை விட்டுவிட்டார். காது மட்டும் ஊசி. ஒருநாள் செமிலிங்கில், எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் போகிற சாலையோரக் கடையில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தபோது வழக்கம்போல காடி மறுத்தது. அப்பா என் கையை விலக்கிவிட்டு, இடப்பக்கத்திலிருந்து எட்டிச் சாவியைப் பிடித்தார். எஞ்சினைச் சுற்றவிடாமல் முதல் கட்டம் வரை மட்டும் திருப்பினார். பின்னால் பம்ப் ஒரு வினாடி 'ம்ம்' என்றது, நின்றது. சாவியை அணைத்தார். மறுபடி திருப்பினார். 'ம்ம்.' இப்படி நாலு தரம். ஐந்தாவது தரம் முழுசாகத் திருப்பியபோது எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"துரை காடியும் கடைசியில இப்படித்தான் பண்ணுச்சு," என்றார். "பம்ப் முதல்ல அடிக்கிறப்ப சத்தம் லேசா இருக்கு, கேட்டியா? எதுத்துத் தள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி. நாலாவது தடவை சத்தம் கெட்டியாகுது. எண்ணெய் எங்கயோ திரும்பி ஓடிருது டேய்."

அந்த ஒரு வாக்கியம்தான் மூன்று பட்டறைகள் சொல்லாததைச் சொன்னது. எண்ணெய், அதாவது பெட்ரோல், திரும்பி ஓடிவிடுகிறது. எஞ்சினை அணைத்த பிறகு குழாய்களில் நிற்க வேண்டிய அழுத்தம் நிற்கவில்லை.

அழுத்தம் நிற்காவிட்டால் என்ன ஆகும்? பெட்ரோலின் லேசான பகுதிகள் சாதாரணக் காற்றழுத்தத்தில் 35, 40 டிகிரியிலேயே கொதிக்க ஆரம்பித்துவிடும். நம் ஊரில் மத்தியான வெயிலே 33, 34 டிகிரி. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்கு விசிறியும் தண்ணீரும் இருக்கின்றன. அணைத்ததும் இரண்டும் நின்றுபோய், இரும்பில் இருக்கிற சூடெல்லாம் மெதுவாக வெளியே ஏறுகிறது. அந்த ஏற்றம் உச்சத்துக்குப் போகிற நேரம்தான் இருபது, முப்பது நிமிடம். நான் தே தாரேக் குடிக்கும் நேரம். குழாய்க்குள் இரண்டு மூன்று பார் அழுத்தம் இருந்தால் அந்தச் சூட்டிலும் பெட்ரோல் திரவமாகவே நிற்கும். அழுத்தம் போய்விட்டால் ஆவியாகிவிடும். பிறகு ஸ்டார்ட்டர் எவ்வளவு சுற்றினாலும் இன்ஜெக்டருக்குப் போவது ஆவிதான். எல்லாம் ஆறிய பிறகு ஆவி மறுபடி திரவமாகிவிடுவதால் தொல்லை இல்லை. இரண்டு வருடமாக என்னைக் குழப்பிய அந்த நேரக் கணக்கு அன்றைக்கு ராத்திரி படுக்கையில் தெளிவானது.

அப்பாதான் ஆளையும் கண்டுபிடித்தார். தோட்டத்துப் பட்டறையில் ஃபிட்டருக்கு எடுபிடியாகச் சேர்ந்து, டிராக்டரும் லாரியும் பழுது பார்த்து, பிறகு பிறை பக்கம் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் இருபது வருடம் இருந்துவிட்டு, இப்போது வீட்டுப் பின்புறத்தில் சும்மா இருக்க முடியாமல் வேலை பார்க்கும் ஓர் அண்ணன். அவர் விளம்பரம் விரும்பாதவர், பெயர் எழுதவில்லை. போன உடனே அவர் கேட்ட முதல் கேள்வி:

"திருகைத் தொட்டாங்களா தம்பி?"

தொட்டார்கள் என்றேன். "சரி, அது கடைசியில. இப்ப யாரும் எதையும் தொடக் கூடாது." ஐடிலில் எஞ்சினைக் கேட்டார். ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். நல்ல நிலையில் இருந்தால் அந்த இடத்தில் எஞ்சின் தடுமாற வேண்டும், ஏனென்றால் அளக்கப்படாத காற்று உள்ளே நுழைகிறது. எங்கள் எஞ்சின் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. "ஏற்கெனவே எங்கயோ காத்து திருட்டுத்தனமா போகுது," என்று மூடியை இறுக்கினார்.

பிறகு ஒரு தகரப் பெட்டியிலிருந்து அழுத்த மானியை எடுத்தார். ஒரு வட்ட மானி, இரண்டு குழாய், நடுவில் ஒரு வால்வு. அதை ஃபியூவல் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் வார்ம்-அப் ரெகுலேட்டருக்கும் நடுவே போடுவது வழக்கம், வால்வு ரெகுலேட்டர் பக்கம் இருக்கும்படி. வால்வை மூடினால் பம்பின் முழு அழுத்தம் தெரியும், திறந்தால் கட்டுப்பாட்டு அழுத்தம் தெரியும். இதைச் செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குழாயைக் கழற்றும்போது அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் பீறும். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், இணைப்பைத் துணியால் சுற்றி மெதுவாகத் தளர்த்த வேண்டும், கண்ணாடி போட்டிருக்க வேண்டும், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அண்ணன் பேட்டரி வயரையும் கழற்றிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட்டார்.

முழு அழுத்தம்: 5.3 பார். சரி. பம்ப் நலம். திரும்பி வரும் குழாயை ஓர் அளவுக் குடுவைக்குள் விட்டு நேரம் பார்த்தோம். 40 வினாடிக்குள் ஒரு லிட்டர் தாண்டியது. குளிர்ந்த நிலையில் கட்டுப்பாட்டு அழுத்தம் ஒன்றரை பாருக்குக் கீழே ஆரம்பித்து, எஞ்சின் சூடாகச் சூடாக ஏறி, 3.6-இல் போய் நின்றது. அண்ணன் என்னைப் பார்த்தார். "இந்த ரெகுலேட்டரையா மாத்தச் சொன்னாங்க?" வாங்கியிருந்தால் என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி, குற்றமே செய்யாத ஒரு பாகத்துக்குப் போயிருக்கும்.

எஞ்சினை அணைத்தோம். மூன்று பேரும் மானியையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஊசி உடனே 3 பாருக்கு அருகே இறங்க வேண்டும், அது இயல்பு. அங்கே நிற்க வேண்டும். அரை மணி நேரம் கழித்தும் இரண்டு பாருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எங்கள் ஊசி நிற்கவே இல்லை. கண்ணால் பார்க்கும்படி இறங்கியது. இரண்டு, ஒன்றரை, ஒன்று. நாலு நிமிடத்தில் பூச்சியம். அப்பா எதுவும் பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்.

பெட்ரோல் தப்பிப் போக வழிகள் கொஞ்சம்தான். பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு வழியாக டாங்கிக்குப் போகலாம். அழுத்தத்தைச் சீராக்கும் வால்வின் ரப்பர் வளையம் வழியாகத் திரும்பும் குழாய்க்குப் போகலாம். இன்ஜெக்டர் வழியாகச் சொட்டலாம். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புவதற்கென்று வைத்திருக்கும் கோல்ட் ஸ்டார்ட் வால்வு வழியாகக் கசியலாம் (நம் ஊரில் காலையில் ஓரிரு வினாடிக்கு மேல் அதற்கு வேலையே இல்லை, ஆனால் கசிவதற்கு வெயில் மழை பார்ப்பதில்லை). கடைசியாக, அந்த இரும்புக் குப்பி.

அக்குமுலேட்டருக்குள் ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் ஸ்பிரிங். பம்ப் ஓடும்போது பெட்ரோல் சவ்வைத் தள்ளி ஸ்பிரிங்கை அமுக்கி உள்ளே இடம் பிடிக்கும். அணைத்ததும் ஸ்பிரிங் திருப்பித் தள்ளி, குழாயில் அழுத்தத்தைக் காப்பாற்றும். சவ்வு கிழிந்தால், கிழிசல் வழியாகப் பெட்ரோல் ஸ்பிரிங் பக்கம் போய், அங்கிருக்கும் சின்னக் குழாய் வழியே டாங்கிக்கே திரும்பிவிடும். வெளியில் ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. இந்தப் பாகத்தை யாரும் சந்தேகப்படாததற்குக் காரணமே அதுதான்.

சோதனை எளிது. அந்தச் சின்னக் குழாயைக் கழற்றிவிட்டுப் பம்பை ஓடவிட்டார் அண்ணன். அது உலர்ந்திருக்க வேண்டும். கீழே வைத்திருந்த தட்டில் பெட்ரோல் நூலாக விழுந்தது. "ஐயா காது சொன்னது சரி," என்றார்.

இந்த இடத்தில் ரப்பரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் போக முடியவில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டி வளர்ந்த குடும்பம் எங்களுடையது. தாத்தா, பாட்டி, அம்மா எல்லாரும் விடியற்காலை இருட்டில் நெற்றி விளக்கோடு பால் வெட்டப் போனவர்கள். அமெரிக்க ரப்பர் கம்பெனி நடத்திய ஹார்வர்ட் தோட்டம் பீடோங் சாலையில்தான் இருந்தது. இந்தச் சீமையின் பால் உலகத்துக் காடிகளுக்கெல்லாம் டயராகப் போனது. அப்படியிருக்க, பெட்ரோல் படும் இடத்தில் நம் மரத்துப் பாலுக்கு இடமே இல்லை என்பது எனக்கு இந்தப் பழுதின்போதுதான் தெரிந்தது. இயற்கை ரப்பரைப் பெட்ரோலில் போட்டால் ஊறி, உப்பி, வலுவிழந்துவிடும். 1930-களில் ஜெர்மனியில் கண்டுபிடித்த நைட்ரில் என்ற செயற்கை ரப்பர்தான் பெட்ரோலைத் தாங்கும். சூடும் சேர்ந்து தாக்கும் இடங்களுக்கு, 1957-இல் டூபாண்ட் கம்பெனி கொண்டுவந்த விட்டான் இன்னும் நல்லது. குழாய், வளையம், சவ்வு எது வாங்கினாலும் இதைக் கேட்டு வாங்க வேண்டும். ஹார்ட்வேர் கடையில் தண்ணீர்க் குழாய்க்கு விற்கும் வளையம் அளவில் பொருந்தும். சில மாதத்தில் கூழாகிவிடும். எங்கள் காடியில் முன்பு யாரோ அப்படி ஒன்றைப் போட்டிருந்ததை அண்ணன் விரலால் நசுக்கிக் காட்டினார். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "நம்ம பாலுக்கு எண்ணெய் ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? கைல விளக்கெண்ணெய் பட்டா ஒட்டுப்பால் இழுபட்டுப் போகுமே," என்றாள். வேதியியல் வேறாக இருக்கலாம். ஆனால் அவள் கை அறிந்ததை நான் நாற்பது வயதுக்கு மேல் படித்துத் தெரிந்துகொண்டேன்.

புது அக்குமுலேட்டர் வர மூன்று வாரம் ஆனது. பழைய காடியிலிருந்து கழற்றியது மலிவாகக் கிடைத்தது, வேண்டாம் என்றார் அண்ணன். அதே வயதுச் சவ்வு, இன்றைக்கோ நாளைக்கோ கிழியும். வெறும் இரும்புப் பாகங்களைப் பழையதாக வாங்கலாம். ரப்பர் உள்ளே இருக்கும் எதையும் பழையதாக வாங்கக் கூடாது என்பது அவர் கணக்கு. எனக்கும் அது சரியாகவே படுகிறது.

போட்டோம். மானியை மறுபடி மாட்டினோம். அணைத்தோம். ஊசி 3 பாரில் நின்றது. நான் கைதட்டப் போனேன், அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். பத்து நிமிடத்தில் இரண்டு. இருபது நிமிடத்தில் ஒன்று. முன்னைவிட எவ்வளவோ மேல், ஆனால் சரியில்லை. பெரிய ஓட்டை அடைபட்டதும் சின்ன ஓட்டை தெரிய ஆரம்பித்தது.

நாலு இன்ஜெக்டரையும் வெளியே எடுத்தோம். அவற்றைப் பிடித்திருந்த ரப்பர் வளையங்கள் கல்லாய் இறுகி, இழுத்ததும் துண்டு துண்டாக உடைந்தன. மூடியைத் திறந்தபோது எஞ்சின் அலட்டிக்கொள்ளாததற்குக் காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது: நாலு வளையத்தின் ஓரமாகவும் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. அந்தக் கூடுதல் காற்றை ஈடுகட்டத்தான் இரண்டாவது பட்டறையில் திருகைத் திருப்பிப் பெட்ரோலைக் கூட்டியிருக்கிறார்கள். ஒரு தவறை மறைக்க இன்னொரு தவறு. அந்தக் கறுப்புப் புகைக்கு அதுவும் ஒரு காரணம்.

நாலு கண்ணாடி சார்சி பாட்டிலில் நாலு இன்ஜெக்டரையும் செருகினார். பம்புக்கு நேரடி மின்சாரம் கொடுத்து, காற்றுத் தட்டை விரலால் மெதுவாக நகர்த்தினார். நாலும் ஒரே நேரத்தில் கீச்சென்று வண்டு மாதிரி இரைந்தன. நல்ல இன்ஜெக்டர் இப்படித்தான் இரையும். அதற்குள் இருக்கும் ஊசி வினாடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அதிர்ந்து பெட்ரோலைப் புகையாக உடைக்கிறது. ஒன்றும் இரண்டும் நாலும் அழகான கூம்பாகத் தெளித்தன. மூன்றாவதிலிருந்து புகையும் வந்தது, நடுவே ஒரு நூலும் வந்தது. தட்டை விட்டதும் மற்ற மூன்றும் டக்கென்று நின்றன. மூன்றாவதன் மூக்கில் ஒரு துளி திரண்டு, கனத்து, விழுந்தது. பிறகு இன்னொன்று. பாட்டில்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் மட்டம் ஏறத்தாழ ஒன்றுதான். ஆக, ஃபியூவல் டிஸ்ட்ரிபியூட்டர் நாலு பேருக்கும் நேர்மையாகத்தான் பங்கிட்டிருக்கிறது. ஷெட்டில் கிடந்த நாலு வருடம் அதைத் தொடவில்லை, மூன்றாவது இன்ஜெக்டரைத்தான் தொட்டிருக்கிறது.

அதை உறுதிப்படுத்த அண்ணன் எடுத்து வந்த கருவியைப் பார்த்து அப்பா எழுந்து நின்றுவிட்டார். டீசல் நாசில் சோதிக்கும் கைப்பம்ப். தோட்டத்துப் பட்டறையை மூடியபோது பழைய இரும்பு விலைக்கு எடுத்தது. டிராக்டர் நாசில் 200 பார் பக்கம் திறக்கும், இதுவோ மூன்றரை. அதற்காகக் குறைந்த அளவு காட்டும் வேறொரு மானியை அதில் பொருத்தி வைத்திருந்தார். நெம்புகோலை மெதுவாக அமுக்க, மற்ற மூன்றும் 3.5-ஐ ஒட்டித் திறந்தன. மூன்றாவது 2.8-இலேயே திறந்துவிட்டது. அதாவது, அணைத்த பிறகு 3 பாரில் நிற்க வேண்டிய அழுத்தத்தை இந்த ஒரு கதவு தாங்கவே தாங்காது. சொட்டிய பெட்ரோல் மூன்றாவது சிலிண்டரில் தேங்கி, கிளம்பும்போது புகையாக வந்திருக்கிறது. சுத்தம் செய்யும் திரவத்தில் ஊறவைத்து இரண்டு நாள் பார்த்தோம். 2.9 ஆனது. ஊசியும் அதன் இருக்கையும் தேய்ந்தது தேய்ந்ததுதான். நாலையும் சேர்த்து மாற்றுவது நல்லது என்றார். ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் தெளிப்பு ஒத்துப்போகாது. மாற்றினோம். வளையமும் அதைத் தாங்கும் உறையும் புதிது.

டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து சுத்தம் பண்ணலாமா என்று நான் கேட்டேன். அண்ணன் முகம் மாறியது. அந்தத் தண்டும் உறையும் சேர்த்தே உரசிப் பொருத்தியவை, ஒன்றின் தண்டு இன்னொன்றுக்குச் சேராது. கை நழுவிச் சிமெண்ட் தரையில் ஒருமுறை விழுந்தால் முடிந்தது. "வேலை செய்யறதைத் திறக்கறது ஆசை தம்பி, வேலை இல்ல," என்றார்.

கடைசியில்தான் அந்தத் திருகு. காற்று புகும் வழியெல்லாம் அடைத்த பிறகு, மூடியைத் திறந்தால் எஞ்சின் தடுமாறி அணையப் பார்த்தது. அப்போதுதான் அவர் திருப்தியாகி, புகை அளக்கும் கருவி இருக்கிற நண்பர் கடைக்குக் காடியைக் கொண்டுபோய், ஆலன் கீயைக் கால் திருப்பு, அரைக் கால் திருப்பு என்று திருப்பினார். ஒவ்வொரு தரமும் கீயை வெளியே எடுத்து, எஞ்சினை ஒரு தடவை உயர்த்தி இறக்கி, எண்ணைப் பார்த்து, மறுபடி. இருபது நிமிட வேலை. புகைக்குழாயில் கைக்குட்டையைப் பிடித்தேன், வெள்ளையாகவே இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. அப்பாவை ஏற்றிக்கொண்டு குருண் போய், குனோங் ஜெராய் மலைச்சாலையில் மேலே ஏறினோம். 1,217 மீட்டர் மலை. வளைவுகளில் இரண்டாம் கியரில் எஞ்சினை நெருக்கிப் பார்க்க இதைவிட நல்ல இடம் கெடாவில் இல்லை. எந்த இடத்திலும் இழுக்கத் தயங்கவில்லை. மேலே குளிராக இருக்கும், சோதனைக்கு உதவாது என்று கீழே இறங்கி, மெர்போக் வழியாகச் சுற்றி, வேண்டுமென்றே மத்தியானம் ஒரு மணிக்குச் செமிலிங்கில் அதே கடை முன்னால், நிழல் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தினேன். அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இரண்டு தே தாரேக். அவர் அதிகம் பேசவில்லை. இருபத்தைந்து நிமிடம் ஆனதும் எழுந்தார்.

இந்தத் தடவை ஓட்டுநர் இருக்கையில் அவரை உட்காரச் சொன்னேன். சாவியை முதல் கட்டத்துக்குத் திருப்பினார். பம்ப் ஒரு வினாடி அடித்தது, கெட்டியான சத்தம். பழக்கத்தில் கை சாவியைப் பின்னால் இழுக்கப் போனது, நின்றது. முழுசாகத் திருப்பினார். ஸ்டார்ட்டர் ஒரு சுற்று சுற்றியதோ என்னவோ, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அணைத்துவிட்டு, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"இன்னும் ரெண்டு கிளாஸ் சொல்லு," என்றார். "மறுபடி ஒரு தடவை பார்ப்போம்."